ஏழாம் வரிசை, இரண்டாம் இடம்

மிசிசிப்பி ஆற்றுக்கும் மிசௌரி ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில், செத்தவர்களைக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச உயிரோடு ஒருவரும் இல்லை. இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. பன்றிக்கு நான்கு கால் என்பது போல ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன். பெயர், எந்தச் சபை, தோராயமாக ஒரு வருடம். இந்த மூன்றையும் கொடுத்தால் நாற்பது நிமிடத்தில் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவேன். நிறுத்த முடியாது, படுத்திருக்கும் இடத்தைக் காட்டுவேன்.

அந்தக் கோடையில் எனக்கு இருபது வயது. கல்லூரி விடுமுறை. ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் குடும்ப வரலாற்றுச் சங்கத்தில் வேலை. அயோவாவின் எங்கள் பக்கம் முழுக்க கிழக்கு ஃபிரீஸ்லாந்திலிருந்து, அதாவது ஜெர்மனியின் வடமேற்கு ஓரத்துச் சேற்றிலிருந்து, கப்பலேறி வந்த விவசாயக் குடும்பங்கள். வந்ததும் நிலம் வாங்கினார்கள், கோயில் கட்டினார்கள், பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் அதே ஐந்து பெயர்களைச் சுற்றிச் சுற்றி வைத்தார்கள். நூற்றைம்பது வருடம் கழித்து எந்த ஹின்ரிக் எந்த ஹின்ரிக்குக்குப் பேரன் என்று யாருக்கும் தெரியாமல் போனதால் எனக்கு வேலை கிடைத்தது. என் பெயர் நோலன் ஊபன். "எந்த ஊபன்?" என்று நீங்கள் கேட்பீர்கள் என்றால் எங்கள் ஊர்க்காரர். கிணறு வெட்டிய கிணற்று ஊபன் வேறு, பன்றி வளர்க்கும் நாங்கள் பன்றி ஊபன்.

சங்கத்துக்கு வருகிறவர்களில் பல தினுசு உண்டு. கலிபோர்னியாவிலிருந்து வந்து, தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவைப் பார்த்ததும் அழுகிறவர்கள். தாங்கள் ஏதோ பிரபுவின் வம்சம் என்ற நம்பிக்கையோடு வந்து, பதினான்கு தலைமுறையும் மாடு மேய்த்தவர்கள் என்று தெரிந்ததும் நம்மை முறைக்கிறவர்கள். இவர்களை மன்னித்துவிடலாம். என்னால் தாங்க முடியாதவர்கள் கல்லறையோடு பேசுகிறவர்கள். எங்கள் விவசாயிகள் உயிரோடு இருக்கிற மனைவியிடம் வாரத்துக்கு நான்கு வாக்கியம் பேசினால் அதிகம். ஆனால் செத்த அப்பாவின் கல்லுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று, எத்தனை அங்குலம் மழை, சோளம் எந்த உயரம் என்று ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார்கள். செத்தவர் அறுவடைக்கு வரப்போகிறாரா? கல்லூரியின் கேலிப் பத்திரிகையில் இதைப் பற்றி நான் எழுதிய 'மண்ணுக்கடியில் இன்றைய வானிலை' என்ற கட்டுரைக்கு நல்ல வரவேற்பு இருந்தது. இரண்டு பேர் என் அறைக் கதவைத் தட்டிப் பாராட்டினார்கள்.

சங்கத்தின் செயலாளர் ஆல்டா ஃபோல்கர்ட்ஸ். தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய ஜெர்மன் கையெழுத்தை, நாம் கடைப் பெயர்ப்பலகை படிக்கிற மாதிரி படிப்பார். ஆனால் எதை எழுதினாலும் பென்சிலில்தான் எழுதுவார். நான் பேனாவில் எழுதுவேன்.

"புரொஃபசரே, பென்சில் வாங்க சங்கத்துல பணம் இருக்கு," என்பார்.

"அழிக்கிறவங்களுக்குத்தான் ஆல்டா பென்சில் தேவை."

"எங்க வீட்டுக்காரர் கூட இப்படித்தான் பேசுவார். கூரையிலேர்ந்து விழுற வரைக்கும்."

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஹார்ம் மைன்ட்ஸ் படியிறங்கி வந்தார். எண்பத்து மூன்று வயது. சட்டைக்குள் ஆள் சுருங்கிப் போயிருந்தார். கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு கை நுழையும். தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ எந்த ஊபன்?"

"பன்றி ஊபன்."

"பாத்தாலே தெரியுது," என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை. "பையா, எங்க அம்மா எங்க படுத்திருக்கான்னு கண்டுபிடிக்கணும்."

விஷயம் இதுதான். அவருடைய அம்மா வூப்கே மைன்ட்ஸ், 1936 பிப்ரவரியில் இறந்தவர். அப்போது ஹார்முக்கு ஒன்பது நாள் வயது. ஊருக்கு வடக்கே உள்ள லுத்தரன் கோயிலில்தான் அடக்கம். ஆனால் கல் கிடையாது. எந்த இடம் என்று அவருக்கு யாரும் காட்டியதில்லை.

"உங்க அப்பா காட்டலையா?"

"அவரா? ஒரு வருஷத்துல வேற கல்யாணம் பண்ணிக்கிட்டார். கோயிலுக்குப் போவோம், பாட்டுப் பாடுவோம், வெளிய வருவோம், வண்டியில ஏறுவோம். அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டார். நான் பத்து வயசுல ஒரு தடவை கேட்டேன். 'மாட்டைப் பாரு போ'ன்னார். அதோட சரி." தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "மறந்துட்டார். அவ்வளவுதான். மனுஷன் மறக்கிறது சகஜம். நான்தான் அவரை மன்னிக்கலை, அதுவும் சகஜம்."

"இப்ப ஏன் திடீர்னு?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"கணையத்துல ஏதோ இருக்காம். டாக்டர் அறுவடை வரைக்கும்னு சொல்றான். அறுவடை எந்திரம் வயல்ல இறங்கறப்ப நான் குழியில இறங்கிடுவேன்."

ஆல்டா தேநீர்க் கெட்டிலைத் தேடி எழுந்துபோனார்.

எங்கள் வடக்குக் கோயிலின் வழக்கம் தெரியாதவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அங்கே குடும்பக் கல்லறை கிடையாது. செத்த வரிசைப்படிதான் அடக்கம். நேற்று செத்தவருக்குப் பக்கத்தில் இன்று செத்தவர். பணக்காரர் ஏழை, மாமியார் மருமகள் என்ற பேச்சே இல்லை. கடவுளுக்கு முன்னால் எல்லோரும் வரிசையில்தான் நிற்க வேண்டும் என்று முதல் பாஸ்டர் சொல்லிவிட்டார், ஒருவரும் மீறவில்லை. எங்கள் ஆட்கள் பிரசங்கத்தை மறப்பார்கள், வரிசையை மறக்க மாட்டார்கள்.

"என் பெண்டாட்டி பன்னிரண்டாம் வரிசையில பல் டாக்டருக்குப் பக்கத்துல படுத்திருக்கா," என்றார் ஹார்ம். "உசிரோட இருந்தப்ப அந்தாள்கிட்ட போகவே மாட்டேன்னு பல்வலியோட ரெண்டு வருஷம் இருந்தவ. நான் செத்தா புது வரிசையில எவன் பக்கத்துலயோ போவேன். அம்மா பக்கத்துல போக வழியில்லை. அதனால பையா, செத்த பிறகு நடக்காது. இப்ப, உசிரோட இருக்கறப்பத்தான் நான் அவ பக்கத்துல கொஞ்ச நாள் உட்கார முடியும்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து மணி ஐந்து நிமிடம்.

சபைப் புத்தகத்தில் அந்தக் குளிர்கால மரணங்கள் தெளிவாக இருந்தன. ஜனவரி 9, ஐலர்ட் ஆபாஸ். ஜனவரி 19, கிழவர் ஹின்ரிக். பிப்ரவரி 2, வூப்கே மைன்ட்ஸ், வயது இருபத்து நான்கு. பிப்ரவரி 13, ஓக்கே என்ற ஒரு பிரம்மச்சாரி. பிப்ரவரி 24, டீனா என்ற ஒரு விதவை. அடுத்தது ஏப்ரலில்தான். ஒவ்வொன்றுக்கும் நேரே, மூன்று நாள் கழித்து அடக்க ஆராதனை நடந்ததாகப் பாஸ்டர் அழகாகக் குறித்திருந்தார். கல்லறைத் தோட்டத்தின் வரைபடத்தில் ஏழாம் வரிசை: ஆபாஸின் கல், அப்புறம் கல்லில்லாத நான்கு இடம், அப்புறம் ஏப்ரலில் செத்தவரின் கல். நாலு இடம், நாலு பேர். ஒன்றாம் வகுப்புக் கணக்கு.

"ஏழாம் வரிசை, இரண்டாம் இடம்," என்றேன், ஆபாஸின் கல்லை விட்டு எண்ணி. பத்து மணி முப்பத்தொன்று.

ஆல்டா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "நாலும் ஏன் மொட்டையா இருக்கு?"

"பஞ்ச காலம் ஆல்டா. கல் வைக்கக் காசு ஏது?"

"கல் இல்லேன்னா பலகை வைப்பாங்க. ஆபாஸுக்கும் அதே பஞ்சம்தானே? அவருக்குக் கல் இருக்கே. நாலு வீட்டுல ஒரு வீட்டுக்காரன் கூடவா ஒரு கல்லு வைக்கலை?"

"ஆபாஸ் கஞ்சனா இருந்து சேத்து வெச்சிருப்பார்."

"பையா," என்றார் ஹார்ம். அவர் எங்கள் பேச்சைக் கேட்டதாகவே தெரியவில்லை. "உறுதியா?"

"உறுதி," என்றேன். அட்டையில் பேனாவால் எழுதினேன்.

அவர் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கி முடித்த பிறகும் விடவில்லை. எங்கள் ஊரில் ஓர் ஆண் இன்னோர் ஆணின் கையை அவ்வளவு நேரம் பிடித்திருந்தால் நிலம் கைமாறுகிறது என்று அர்த்தம்.

ஜூலை முதல் வாரம் கல் வந்தது. சின்னச் சாம்பல் நிறக் கல். வூப்கே மைன்ட்ஸ், 1911–1936. அதன் கீழே 'ஹார்மின் அம்மா'. அந்தக் கடைசி வரி வேண்டுமா என்று கல் செதுக்குகிறவன் கேட்டானாம். "அவ வேற எதுவா இருக்கவும் நேரம் கிடைக்கலை," என்று இவர் சொன்னாராம்.

அதன்பிறகு தினமும் காலையில் ஹார்ம் மடக்கு நாற்காலியோடும் தேநீர்க் குடுவையோடும் அங்கே போய் உட்கார்ந்தார். நானும் அடிக்கடி போனேன். வேலைதான், மற்ற வரிசைகளின் கற்களைப் படமெடுக்க வேண்டியிருந்தது. ஏழாம் வரிசைக்கு அருகிலேயே எனக்கு நிறைய வேலை இருந்தது என்பதை ஆல்டா ஒருமுறை சுட்டிக்காட்டினார்.

ஹார்ம் பேசிக்கொண்டே இருப்பார். பாதி இங்கிலீஷ், பாதி ஊர் ஜெர்மன். நான் படமெடுக்கிற பாவனையில் கேட்பேன். முதலில் சிரிப்பதற்காகத்தான் கேட்டேன். அடுத்த இதழுக்குச் சரக்கு வேண்டியிருந்தது.

"அம்மா, இன்னிக்கு முட்டிவலி தேவலை... உனக்கு இருபத்து நாலு வயசு. எனக்கு எண்பத்து மூணு. ரோட்டுல பாத்தா நீதான் எனக்குக் கதவைத் திறந்துவிடணும்..." என்று ஒருநாள். தன் முதல் டிராக்டரைப் பற்றி முழுசாக ஒரு காலை. அதன் நிறம், அதன் குணம், அது எந்த வாய்க்காலில் கவிழ்ந்தது. இன்னொரு நாள், சித்தி கெட்டவள் இல்லை, அடித்ததில்லை, ஆனால் தலை வாரிவிட்டதும் இல்லை என்று. பிறகு பிறக்கும்போதே செத்துப்போன தன் முதல் பெண் குழந்தையைப் பற்றி. அது உயிரோடு இருந்திருந்தால் அதற்கு வூப்கே என்றுதான் பெயர் வைத்திருப்பாராம். அதைச் சொல்லும்போது நான் கேமராவைத் திறந்து ஏதோ சரிபார்த்தேன். அதில் சரிபார்க்க ஒன்றும் இல்லை.

என்னைப் பார்த்தால் கூப்பிட்டுத் தேநீர் கொடுப்பார். எங்கள் தேநீர் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கோப்பையில் முதலில் கற்கண்டு, அதன்மேல் தேநீர், அதன்மேல் பாலாடை. கலக்கக் கூடாது. மேலே கசப்பு, அடியில் இனிப்பு. மூன்று கோப்பை குடிக்காமல் எழுந்தால் கொடுத்தவருக்கு அவமரியாதை. ஹார்மால் இப்போது முழுக் கோப்பை குடிக்க முடியாது. அடியில் தங்கின இனிப்பை வலது பக்கத்துப் புல்லில் ஊற்றிவிடுவார்.

"ஏன் அந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"அம்மா மேல எச்சில் ஊத்துவாங்களா? அங்க அந்த பிரம்மச்சாரிதானே படுத்திருக்கான். அவனுக்கும் யாரு இருக்கா. குடிச்சிட்டுப் போகட்டும்."

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி வாக்கில் சங்கத்துக்கு ஒரு பெட்டி வந்தது. 1930களில் வடக்குக் கோயிலின் கோயில்பிள்ளையாக இருந்த ஃபோக்கோ ஆபல்ஸ் என்பவரின் வீட்டைக் காலி செய்தபோது பரணில் கிடைத்ததாம். குழி வெட்டியதும் மணி அடித்ததும் அவர்தான். பெட்டிக்குள் விதைக் கம்பெனிப் பட்டியல்கள், ஒரு காது உடைந்த கோப்பை, இருபது வருடத்து விவசாயப் பஞ்சாங்கங்கள். எங்கள் ஆட்கள் நாட்குறிப்பு எழுதுகிறவர்கள் இல்லை. ஆனால் பஞ்சாங்கத்தின் ஓரத்தில், பசு கன்று போட்டது, புயலடித்தது, பாஸ்டர் அதிகம் சாப்பிட்டார் என்று பொடியெழுத்தில் குறித்துவைப்பார்கள். 1936ஆம் வருடத்துப் பஞ்சாங்கத்தை ஆல்டா எடுத்தார். ஓரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

ஜனவரி 22. மண் குளிரில் உறைந்து இரும்பு. கடப்பாரை உடைந்தது. ஹின்ரிக்கின் பெட்டியைச் சோளக் களஞ்சியத்தில் வைத்தோம்.

பிப்ரவரி 5. மைன்ட்ஸ் பெண்ணின் பெட்டியும் உள்ளே. சின்னப் பெட்டி.

பிப்ரவரி 16. ஓக்கே. பிப்ரவரி 27. டீனா. களஞ்சியம் நிறைந்தது.

மார்ச் 9. மண் இளகியது. நான்கு குழி. பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்தன, கதவு ஒரு பக்கம்தான். கடைசியில் வைத்ததுதான் முதலில் வந்தது. வந்தபடியே குழியில் இறக்கினோம். பாதை சேறு, வீட்டுக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. வரிசை கெட்டது பாஸ்டருக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும்.

நான் ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டேன். டீனா, ஓக்கே, வூப்கே, ஹின்ரிக். வூப்கே இரண்டாம் இடத்தில் இல்லை. மூன்றாம் இடத்தில் இருந்தார். ஹார்ம் கல் வைத்து, நாற்காலி போட்டு, டிராக்டர் கதை சொன்னதெல்லாம் ஓக்கேவிடம். சபைப் புத்தகத்தில் அவரைப் பற்றிப் பாஸ்டர் 'தனிமையை விரும்பியவர்' என்று எழுதியிருந்தார். செத்து எண்பத்து மூன்று வருடம் கழித்து அவருக்கு ஒரு கோடை முழுக்க ஒரு மகன் கிடைத்திருந்தான்.

"இன்னும் இருக்கு," என்றார் ஆல்டா.

மே 3. மைன்ட்ஸ் வந்தான். எந்த மேடு என்று கேட்டான். சொல்ல வாய் வரவில்லை. மாட்டைப் பார்க்கணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

மே 10. மைன்ட்ஸ் மறுபடி வந்தான். கேட்கவில்லை. நான்கு மேட்டிலும் லைலாக் பூ வைத்துவிட்டு, கையில் குழந்தையோடு வெகுநேரம் நின்றான். (பின்னால் சேர்த்தது: அதன்பிறகு மேட்டுப் பக்கம் வரவில்லை.)

நாலும் ஏன் மொட்டையாக இருந்தன என்பது இப்போது தெரிந்துவிட்டது. புதைத்தபோது யாரும் இல்லை, கேட்டால் கோயில்பிள்ளை நழுவினார்; எது யாருடையது என்று நாலு வீட்டுக்காரர்களுக்கும் சந்தேகம். வெளியே சொன்னால் வரிசையையே சந்தேகப்பட்டதாக ஆகும். அதனால் ஒருவரும் பலகை வைக்கவில்லை.

ஆல்டா என் பேனாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

"போய்ச் சொல்லு," என்றார். "இன்னிக்கே போ. நாளைக்குன்னா நீ போக மாட்டே."

"அவர் தாங்குவாரா?"

"அம்மா மூணடி தள்ளி இருக்கான்னு சொல்றதுக்கு என்ன? நாற்காலியை நகத்திப் போட்டுக்குவார். அதை விடு. அவங்கப்பா அவரைக் கையில ஏந்திக்கிட்டு அங்க நின்னிருக்காருடா. அதைச் சொல்லு. எண்பது வருஷமா அந்தாளைத் திட்டிக்கிட்டு இருக்கார்."

பஞ்சாங்கப் பக்கத்தை நகலெடுத்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

நடுப்பகல். இரண்டு பக்கமும் சோளம் ஆளை மறைத்து நின்றது. ஹார்ம் நாற்காலியில் இருந்தார். இரண்டே வாரத்தில் இன்னும் பாதியாகியிருந்தார். எனக்காக ஒரு கோப்பையை எடுத்து வைத்தார். அதில் போட்ட கற்கண்டு கோப்பையைத் தவறிக் கீழே விழுந்தது.

"உட்காரு, பன்றி ஊபன். நல்ல நேரத்துல வந்தே. ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"சிரிக்க மாட்டேன்."

"நீ சிரிப்பே. உன் மூஞ்சி அப்படி. சில நாள் இங்க பேசறப்ப, தப்பான வீட்டுக் கதவைத் தட்டிட்டு நிக்கிற மாதிரி இருக்கு. உள்ள யாரோ இருக்காங்க, ஆனா எனக்காக இல்லைங்கிற மாதிரி. கிழட்டுப் புத்தி. மருந்து வேற." கல்லையே பார்த்தார். "இவதானே? நீ நல்லாப் பாத்தே இல்ல? உறுதியா?"

கேட்டவர் அவர். நான் வாயைத் திறக்கக்கூடத் தேவையில்லை. தாளை எடுத்து நீட்டினால் போதும்.

"நேத்து இவகிட்ட சொன்னேன்," என்று அவரே தொடர்ந்தார். "கவலைப்படாதே, உன்னை மறந்தவரை நானும் மறந்துட்டேன்னு. அவர் அடக்கத்துக்குக் கூட நான் பின்னாடி வரிசையிலதான் உட்கார்ந்தேன். அதையும் சொன்னேன். சந்தோஷப்பட்டிருப்பா." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சொல்லு பையா."

"உறுதி," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கல் வைத்தாகிவிட்டது, சாகப்போகிறவர் நிம்மதியாகப் போகட்டும் என்ற இரக்கம். இப்படித்தான் வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மறுபாதியைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோடையில் நான் தொண்ணூற்று நான்கு பேரைக் கண்டுபிடித்திருந்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் என்னை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தொண்ணூற்று நான்கு தொண்ணூற்று மூன்றாகக் குறைவதை என் நாக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

"நல்லது," என்றார் ஹார்ம். கோப்பையின் அடியில் இருந்ததை வலது பக்கம் ஊற்றினார்.

இதை வைத்து என்னைத் தேற்றிக்கொள்ளவும் பார்த்தேன். தெரியாமலே தினமும் அம்மாவுக்கு இனிப்பைக் கொடுத்திருக்கிறார் இல்லையா என்று. கற்கண்டுத் தண்ணீர் புல்லின் வேருக்குக் கீழே இறங்காது. விவசாயி வீட்டில் பிறந்தவனுக்கு அது தெரியும்.

சங்கத்தில் ஆல்டா வாசலிலேயே நின்றார். "சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

ஒரு பொய் சொன்னவனுக்கு இரண்டாவது எளிது. மூன்றாவது தானாகவே வரும், கொஞ்சம் அழகாகவும் வரும். "'மூணடிதானே, ஒன்பது நாள் பிள்ளைகூட உருண்டு போயிடும்'னார். கல்லை மாத்த வேண்டாம்னார்."

ஆல்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஹார்ம் பேச்சுதான். அப்பாவைப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லலை. தலையை ஆட்டினார்."

அடுத்த வாரம் ஹார்மை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் கல்லூரிக்குப் போய்விட்டேன். அங்கிருந்து தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நான்கு முறை நினைத்தேன். ஒருமுறை கூப்பிடவும் செய்தேன். தாதி எடுத்து, அவர் தூங்குகிறார், எழுப்பட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். அக்டோபர் பதினோராம் தேதி இறந்தார். அறுவடை தொடங்கி எட்டு நாள் ஆகியிருந்தது. டாக்டரின் கணக்கு என் கணக்கைவிடச் சரியாக இருந்தது.

அடக்கத்துக்கு வந்தேன். வரிசைப்படி அவருக்குப் பதினைந்தாம் வரிசை, பள்ளிப் பேருந்து ஓட்டிய ஒருவருக்கு அடுத்த இடம். பிறகு கோயிலின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றித்தொடை ரொட்டி, உருளைக்கிழங்கு, தேநீர். ஹார்மின் மகன் ஃபீனிக்ஸிலிருந்து வந்திருந்தான். குளிருக்குப் பழக்கம் விட்டுப்போய் கோட்டைக் கழற்றாமலே சாப்பிட்டான். அவனுக்கு எதிரே ஆல்டா உட்கார்ந்து, களஞ்சியத்தின் கதையையும், நான்கு மேட்டிலும் வைத்த பூவைப் பற்றியும், ஒன்பது நாள் பிள்ளை உருண்டு போய்விடும் என்று அவன் அப்பா சொன்னதையும் சொல்லிக்கொண்டிருந்தார். மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மகன் சிரித்துவிட்டு, கைத்துணியை முகத்தில் வைத்துக்கொண்டான்.

"அப்பா அப்படியா சொன்னார்? உங்ககிட்டயா சொன்னார்?" என்று என்னைக் கேட்டான். "சாகறதுக்கு முந்தின வாரம் கூட எங்க தாத்தாவைத் திட்டிட்டுத்தான் இருந்தார். அந்தப் பூ விஷயம் தெரிஞ்சும் திட்டினாரா?"

ஆல்டா என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்வையை எடுக்கவில்லை. பக்கத்து மேசையிலிருந்து ஒரு பெண்மணி, அந்த உருண்டு போகிற வாக்கியத்தைச் சபையின் மாதச் செய்திமடலில் போடலாமே, மறுபடி சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றாள். அவள் கையில் பேனா இருந்தது.

"கொஞ்சம் காத்து வாங்கிட்டு வந்துடறேன்," என்றேன்.

மகனிடம் சொல்ல வேண்டும். ஆல்டாவிடம் சொல்ல வேண்டும்; அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது. சொல்வேன். ஆனால் அவர்களுக்கு முன்னால் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார்.

ஏழாம் வரிசைக்கு நடந்தேன். ஆபாஸின் கல். பிறகு டீனா, கல் இல்லை. பிறகு ஹார்மின் சின்னக் கல், ஓக்கேவின் தலைமாட்டில். அதைத் தாண்டி ஓர் எட்டு வைத்தேன். வெறும் புல். அதன்மேல் காற்று கொண்டுவந்து போட்ட சோளச் சருகுகள். குனிந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பொறுக்கி முடிந்ததும் கைக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. தொப்பியைக் கழற்றினேன். கோயில் பக்கம் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"நேத்து முக்கால் அங்குலம் மழைங்க," என்றேன். "சோளம் இன்னும் பாதிகூட அறுக்கலை."

பிறகு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஈரப் புல்லில் உட்கார்ந்து, ஜூலையிலிருந்து அவர் மகன் சொன்னதையெல்லாம், டிராக்டரின் நிறத்திலிருந்து, எனக்கு நினைவிருந்த வரைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன்.